கூறைச் சேலைக்கு வாங்கிய நூல்

முன்னறையில் யாரோ சிரித்தார்கள்.

முஸ்பிறா தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வளையத்தில் இறுக்கியிருந்த துணிக்குள் ஊசி இறங்கியபடியே நின்றுவிட்டது.

முதலில் மூக்கால் ஒரு சீறல். பிறகு தொண்டைக்குள் நெல்மூட்டை உருளுவது போல ஓர் உருட்டல். கடைசியில் "யா அல்லாஹ்!" என்று ஒரு நீண்ட மூச்சு. இந்தக் கரையோரத்தில் இப்படிச் சிரிக்கிறவள் ஒருத்திதான் இருக்க முடியும். அந்தச் சிரிப்பை முஸ்பிறா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். ஆனால் இருபது வருடமாக அது அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

"முஸ்பிறா! கூறை வேலைக்கு ஆள் வந்திருக்காங்க. கொஞ்சம் முன்னுக்கு வா."

கூப்பிட்டவள் நிலாந்தினி. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் மருதமுனைக்கு வந்து, முஸ்பிறா இயந்திரத்தில் போடும் பூக்களுக்குக் கல் பதிப்பவள். இருவருக்கும் ஒரே வயது. நாற்பதைத் தொட்டுவிட்ட வயது. ஒரே கேத்தலில் தேநீர் ஊற்றிக் குடித்துப் பழகியவர்கள்.

முஸ்பிறா தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கினாள். கதிரை நிறைய உட்கார்ந்திருந்தாள் சித்தி லைலா. கன்னம் தொங்கியிருந்தது, புருவம் நரைத்திருந்தது. மடியில் பால் நிறத்தில் ஒரு பட்டுச் சேலை.

"நீதானா முஸ்பிறா? ஊரெல்லாம் உன்ட பேருதான் புள்ள. நான் நெனச்ச, பெரிய பொம்புள ஒருத்தி இரிப்பாண்டு. இதென்ன, நூல விட மெலிஞ்சிரிக்காய்!"

"உடம்பு கூடினா மெசினுக்கும் கதிரைக்கும் நடுவில இறுகிப் போவா மாமி. பிறகு கிறேன் கொண்டுதான் எடுக்கணும்," என்றாள் நிலாந்தினி.

லைலா மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தாள். லைலாவின் கண்கள் அவள் முகத்தில் ஊர்ந்தன, நின்றன, நகர்ந்துவிட்டன. அடையாளம் தெரியவில்லை! ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காலால் மிதித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பேரையும் முகத்தையும்கூட மறந்துவிட முடியுமா? முடியும் போலத்தான் இருந்தது.

"மகனுக்குக் கலியாணம். காவின் எழுதி முடிஞ்ச. பொண்ணு அட்டாளைச்சேனை," என்று லைலா சேலையை விரித்தாள். "இது மாப்பிள ஊட்டுக் கூறை. நாங்க தட்டுல வெச்சுக் கொண்டு போறது. ஓரம் முழுக்கவும், முந்தானையிலயும், சட்டையிட நெஞ்சுலயும் மாதுளம்பூப் போடணும். நல்ல ரெத்தச் சிவப்புல. எங்கட கூறையப் பாத்து அட்டாளைச்சேனை வாயப் பொளக்கணும், என்ன?"

"செஞ்சு தாறன் மாமி," என்றாள் முஸ்பிறா. "அட்டாளைச்சேனை மறக்காத மாதிரிச் செஞ்சு தாறன்."

லைலாவின் முச்சக்கர வண்டி ஒழுங்கை முனையில் திரும்பும்வரை முஸ்பிறா வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும் சேலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நிலாந்தினியிடம் சொன்னாள்:

"இவதான் அவ."

"எவ?"

"மோதிரம் கழட்டினவ."

நிலாந்தினியின் கையிலிருந்த கல் டப்பா மேசையில் தட்டென்று இறங்கியது. அந்தக் கதை அவளுக்குத் தெரியும்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முஸ்பிறா கல்முனைக்குடியில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் பிறந்தவள். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். அதனால் பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பா கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குவார். முஸ்பிறாவின் வாப்பாவும் அப்படித்தான் சேர்த்தார். பத்தொன்பது வயதில் அவளுக்கு வீடு முடிந்தது. மாப்பிள்ளையும் பேசி முடிந்தது. சாய்ந்தமருதுக்காரர், இஹ்ஸான் என்று பெயர். தம்பிக்குப் பெண் பார்த்து மோதிரம் போட்டவள் அக்கா சித்தி லைலா. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் காவின் என்னும் திருமணப் பதிவு, அதற்கடுத்துக் கலியாணம் என்று பேச்சு.

பெருநாளுக்கு முன் கடல் வந்தது. வீட்டையும் கொண்டுபோனது, வீட்டைக் கட்டிய வாப்பாவையும் கொண்டுபோனது. முஸ்பிறாவும் உம்மாவும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சேலையால் மறைத்த ஒரு மூலையில் கிடந்தார்கள். மரக்கிளையில் மோதி அவள் கை வீங்கியிருந்தது. அங்கேதான் லைலா வந்தாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று உம்மா பாயை விரித்துக் கொடுத்தாள்.

"ஊடு போயிட்டு. கரையில இனி ஊடு கட்டவும் உடமாட்டாங்களாம்," என்றாள் லைலா. "அப்ப எங்கட தம்பி எங்க குடிவாற? கடலுக்குள்ளயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறைப்புச் சேலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த முஸ்பிறா அந்தச் சிரிப்பை முழுதாகக் கேட்டாள். மூக்குச் சீறல், தொண்டை உருட்டல், "யா அல்லாஹ்" எல்லாமே. பிறகு மறைப்பு விலகியது. வீங்கிய விரலிலிருந்து மோதிரம் வரவில்லை. லைலா நிவாரணத்தில் வந்த சவர்க்காரத் துண்டைக் கேட்டு வாங்கி, தண்ணீர் தொட்டு நுரைக்கப் பூசி, திருகித் திருகிக் கழற்றினாள். முஸ்பிறா கத்தவில்லை. உம்மாதான் கத்தினாள்.

உம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. முஸ்பிறாவுக்கு மருதமுனையில் சுனாமி வீடு ஒன்று கிடைத்தது. ஒரு நிறுவனம் கொடுத்த பழைய எம்புராய்டரி இயந்திரம் கிடைத்தது. கேட்டு வந்த இரண்டொரு மாப்பிள்ளைமாரை அவளே வேண்டாம் என்றாள். வேறு யாருக்கும் விரலை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த லைலாவே தன் காலால் நடந்து, தன் கையால் கூறைச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலை முஸ்பிறா கல்முனை பஸாருக்குப் போனாள்.

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் முகம்மது தம்பியின் நூல் கடை இரண்டு புடவைக் கடைகளுக்கு நடுவில் நெருக்குப்பட்டுக் கிடக்கும். தரையிலிருந்து கூரை வரை நூல் கட்டைகள். காக்கா தன் நூல்களைப் பற்றிப் பேசினால், கலியாணத் தரகர் பேசுகிறாரோ என்று தோன்றும்.

"வா மகள். சிவப்பா? இந்தா, பொலியெஸ்டர். நல்ல குடும்பத்துப் புள்ள. எத்தின தரம் கழுவினாலும் முகம் மாறமாட்டா. கொஞ்சம் மினுக்குக் காணாதெண்டு சொல்லுவாங்க. குணம் இரிக்கிற இடத்துல மினுக்கு என்னத்துக்கு?"

முஸ்பிறா கட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கடைக்குள் எரியும் குழல் விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பைப் பார்க்கக் கூடாது; அது எல்லாச் சிவப்பையும் ஊதாவாக்கிக் காட்டும். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நூல் நுனியை நாக்கில் நனைத்து, தான் எப்போதும் கொண்டுவரும் வெள்ளைத் துணித்துண்டில் வைத்து நகத்தால் அழுத்தினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. இரு விரலுக்கிடையில் இழுத்தாள். முடிச்சில்லை, பிசிறில்லை.

திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள்.

"அது வேணாம் காக்கா. அடித்தட்டுல பேரில்லாத ரேயோன் ஒண்டு இரிந்துச்சே."

முகம்மது தம்பி கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "அதுவா? நீதானே அதத் திருப்பிக் கொணந்து என்ட மேசையில போட்டு, 'இத விக்கிற வாய்க்கு நோன்பு கூடாது' எண்டு ஏசிட்டுப் போன?"

"ஓம். இப்ப வேணும்."

"மகள், அது பாக்கத்தான் அழகி. தண்ணியக் கண்டா அழுதுருவா."

"அழட்டும்."

அவர் குனிந்து அந்தக் கட்டைகளை எடுத்தார். என்ன அழகு! பழுத்த மாதுளை பிளந்தது போல ஒரு சிவப்பு. பளபளப்பு கண்ணைப் பறித்தது. முஸ்பிறா நுனியை நனைத்துத் துணித்துண்டில் வைத்தாள். எடுத்தபோது துணியில் ஒரு சின்னக் காயம் போலச் சிவப்பு பரவியிருந்தது. அவளுடைய நெஞ்சு நிறைந்துவிட்டது.

மற்றச் சாமான்களில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டில் ஓட்டை விழாத மெல்லிய ஊசி வாங்கினாள். பொபினுக்கு முதல்தரமான வெள்ளை நூல் வாங்கினாள். தையல் பிழை என்று ஒரு வாயும் சொல்லக் கூடாது. நூல் மட்டும் காட்டிக்கொடுத்தால் போதும்.

"தண்ணியில கரையிற பேப்பர் எத்தின முழம் வெட்ட?" என்று காக்கா கத்தரிக்கோலை எடுத்தார். பட்டில் பூப்போடும்போது துணி சுருங்காமல் இருக்க அந்தப் பேப்பரைத்தான் வைத்துத் தைப்பாள். தைத்து முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றினால் கரைந்து போய்விடும். ஆனால் இந்த நூலில் ஈரம் படக் கூடாது.

"அது வேணாம். கிழிச்சு எடுக்கிற பேப்பர் தாங்க."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "பட்டுக்கா? நீயா?"

"பட்டெண்டு ஆரு சொன்ன? தலகாணி உறைக்கு."

சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது முகம்மது தம்பி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முஸ்பிறா ஒரு துண்டுப் பட்டில் அந்த நூலால் ஒரே ஒரு மாதுளம்பூப் போட்டாள். அலுமாரியிலிருந்து பன்னீர்ப் போத்தலை எடுத்து இரண்டு துளி தெளித்தாள். பூவின் இதழ்களிலிருந்து சிவப்பு மெல்லக் கீழே வழிந்தது.

கலியாணத்தன்று என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பெண்ணைக் கூறை உடுத்திக் கொண்டுவந்து இருத்துவார்கள். பெண்கள் குரவை போடுவார்கள். மாப்பிள்ளையின் உம்மா பன்னீர்ச் செம்பை எடுத்து மருமகள் மீது தெளிப்பாள். முதல் ஆளாக, தன் கையால்! பால் நிறப் பட்டில், எல்லோருக்கும் முன்னால், நெஞ்சிலிருந்து இரத்தம் வழிவது போலச் சிவப்பு இறங்கும். குரவை பாதியில் நிற்கும். "மாப்பிள ஊட்டார் கொணந்த கூறையா இது? சாயம் போற சேலையவா தட்டுல வெச்சுக் கொணந்தாங்க?" என்று ஒரு கிழவி கேட்பாள். அந்தக் கேள்வி அட்டாளைச்சேனையிலிருந்து சாய்ந்தமருது வரை ஊர்வலம் போகும். லைலா இனி எந்தக் கலியாண வீட்டில் சிரிப்பாள்?

"உனக்கு விசரா?" என்றாள் நிலாந்தினி, நூல் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. "உன்ட பேர் என்ன ஆகும்? கூறை தைச்சது ஆரெண்டு கேக்கமாட்டாங்களா?"

"போகட்டும்."

"உன்ட பேரிலதான் என்ட சோறும் இருக்கு கா."

முஸ்பிறா தன் இடது கையை நீட்டினாள். மோதிர விரலின் கணு இன்றைக்கும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. நிலாந்தினி அதைப் பார்த்தாள். பிறகு நூல் கட்டையை மேசையில் வைத்தாள்.

"செய். உன்ட வயித்தெரிச்சல நான் அளக்கேலாது. ஆனா அதுக்குக் கல் பதிக்கச் சொல்லி என்னட்டத் தராத."

முஸ்பிறா தைத்தாள். சட்டையின் நெஞ்சில் ஒரு கொத்து. முந்தானையில் ஒரு தோட்டம். இவ்வளவு ஆசையோடு அவள் எந்தச் சேலைக்கும் பூப்போட்டதில்லை. வெறுப்புக்கு இத்தனை பொறுமை உண்டென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு இதழையும் நிறைக்கும்போது வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

ஓரத்தில் பாதிதான் முடிந்திருந்தது. ஒரு பகல் வேளை, வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பஸ்ஸில் வந்த களைப்பு, முகமெல்லாம் வியர்வை.

"சாய்ந்தமருது லைலா மாமிட கூறை இங்கதானே தைக்கிற?" என்று மூத்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் சுபைறா. பொண்ணுட உம்மா. இவதான் மகள், அப்னா. நாங்க வந்த எண்டு மாமிக்குச் சொல்லிராதீங்க புள்ள. சும்மா ஒருக்காப் பாத்துட்டுப் போறம்."

முஸ்பிறாவால் மறுக்க முடியவில்லை. சேலையை மேசையில் விரித்தாள். அப்னா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வயதிருக்கும், துடுக்கான கண்கள்.

"உம்மா! பூ பறிச்சு வெச்ச மாதிரி இரிக்கி!" என்று குனிந்து, முந்தானையின் பெரிய மாதுளம்பூவை வியர்த்த உள்ளங்கையால் தடவினாள்.

கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது.

அவள் கையைப் பார்த்தாள். மறுகையின் விரலை நாக்கில் தொட்டு இன்னொரு பூவில் அழுத்தினாள். விரல் நுனியும் சிவந்தது.

"மாமி," என்றாள் மெதுவாக, "இது சாயம் விடுதே."

நிலாந்தினி எழுந்து போய் யன்னலருகே நின்றுகொண்டாள். ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றிருக்கலாம். முஸ்பிறாவுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. பள்ளிக்கூட மூலையையும், சவர்க்காரத்தையும், சிரிப்பையும், பன்னீரையும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லும்போது அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்னா கேட்டு முடித்தாள். அவளுடைய கண்கள் எரிந்தன.

"அவங்களப் பழிவாங்க உங்களுக்கு என்ட நெஞ்சுதானா கிடச்ச?"

"புள்ள, கூறை அவங்க கொண்டுவாறது. வெக்கம் அவங்களுக்குத்தான்..."

"அவங்க கொண்டுவாறதா?" சுபைறா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அல்லாஹ்வே! இந்தப் பட்டு நாங்க எடுத்த புள்ள! வேளாண்மை வெட்டி நெல்லு வித்ததும் முதல் வேலையா இதத்தான் எடுத்துக் குடுத்த. 'இப்பெல்லாம் பொண்ணு ஊட்டாரே எடுக்கிறாங்க, நாங்க தட்டுல வெச்சுக் கொணருவம், வெளியில கதைக்காதீங்க' எண்டு லைலா மாமி சொன்னா. உங்கட கூலியும் நாங்கதான். சாயம் போனா அவ ஆரப் பேசுவா? 'உங்கட துணியிட லட்சணம் இது' எண்டு சபையில வெச்சு எங்களத்தானே பேசுவா!"

பிறந்ததிலிருந்து முஸ்பிறா இந்த ஊரில் கண்ட வழக்கம் ஒன்றுதான்: கூறை மாப்பிள்ளை வீட்டுடையது. அதை நம்பித்தான் அவள் இந்தச் சூழ்ச்சியைக் கட்டினாள். அந்த ஒன்றையும் லைலா திருடியிருக்கிறாள்! பன்னீர் தெளித்த கையோடு, சேலையில் வழிந்த சாயத்தைக் காட்டி, இன்னொரு உம்மாவைச் சபை நடுவில் நிறுத்தி வைத்து அவள் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் முஸ்பிறாவே பஸாரில் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்!

"பிரிச்சு எடுக்க ஏலாதா?" என்று சுபைறா கேட்டாள்.

"பட்டுல ஊசி போன இடம் ஆறாது ராத்தா," என்றாள் முஸ்பிறா. "இதே மாதிரிப் பட்டு நான் எடுத்துத் தாறன். முழுக்கத் திருப்பித் தைச்சுத் தாறன். உங்கள்ட்ட ஒண்டும் வாங்கமாட்டன். ஆனா..." குரல் கெட்டியானது. "அத லைலாட கையில குடுக்கமாட்டன். சாமான் ஆருடையதோ அவங்கட கையிலதான் குடுப்பன்."

சுபைறா பதறிப்போனாள். "ஐயோ, சம்பந்தம் முறிஞ்சிரும்!"

"எப்பிடிம்மா முறியும்? காவின் எழுதியாச்சு." அப்னா சிவந்த உள்ளங்கையைத் தாவணியில் துடைத்தாள். "நான் இப்பவே அவர்ட பொஞ்சாதி. கூறை நாங்க எடுத்தெண்டு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உம்மாவோட சண்டைக்குப் போவார். அதுக்குப் பயந்துதான் லைலா மாமி 'வெளியில கதைக்காதீங்க' எண்ட. அவங்கட கூறைய அவங்களே எடுத்துத் தட்டுல வெச்சுக் கொணரட்டும். இது நம்மட ஊட்டுச் சேல. அடுத்த நாள் விருந்துக்கு நான் உடுத்துவன்."

"வாய் நீளம் இவக்கு," என்றாள் சுபைறா. ஆனால் அவள் முகத்தில் பயத்தோடு வேறொன்றும் எட்டிப்பார்த்தது.

"மாமியாருக்கு ஏத்த மருமகள்தான் வாறா," என்று யன்னலடியிலிருந்து நிலாந்தினி சொன்னாள்.

அப்னா முஸ்பிறாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு நடந்தது அநியாயம் மாமி. ஆனா நீங்க எனக்குச் செய்யப் பாத்ததும் அநியாயம்தான். நல்ல நூலாப் பாத்துத் தைங்க."

அந்தச் சொல் அறை போல விழுந்தது. முஸ்பிறா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் முகம்மது தம்பிக் காக்காவின் கடையில் அவள் வெகுநேரம் நின்றாள். பொலியெஸ்டரிலேயே ஐந்தாறு சிவப்பை வெயிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்று செங்கல் நிறம், ஒன்று கறுப்படித்தது. கடைசியில் கையில் வந்த கட்டையை நாக்கில் நனைத்துப் பார்த்தது போதாதென்று, காக்காவின் தேநீர்க் கோப்பைக்குள்ளும் நுனியை முக்கிவிட்டாள்.

"என்ட தேத்தண்ணி!" என்றார் அவர்.

"சாயம் விடல்ல. குடிங்க."

"கரையிற பேப்பர்?"

"வெட்டுங்க."

அவர் தாராளமாகவே வெட்டினார்.

புதிய சேலை முடிந்ததும் நிலாந்தினி கேட்காமலே கல் பதித்தாள். முஸ்பிறா பூக்களின் மீது ஈரத் துணியை ஒற்றிப் பேப்பரைக் கரைத்தாள். பட்டு பாலாகவே இருந்தது. மாதுளம்பூ பூவாகவே இருந்தது. அதை மடித்து, தானே பஸ் ஏறி, அட்டாளைச்சேனைக்குக் கொண்டுபோய் சுபைறாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

கலியாணத்துக்கு முன்னைய வாரம் சித்தி லைலா வந்தாள். முச்சக்கர வண்டியை வாசலில் நிறுத்திவைத்திருந்தாள். கையில் பட்டுத் துணி விரித்த ஒரு பெரிய தாம்பாளம்.

"எங்க புள்ள கூறை? தட்டுலயே வெச்சுப் பாப்பம்."

"கூறை இங்க இல்ல மாமி. எடுத்துக் குடுத்தவங்கட கையிலயே குடுத்துட்டன்."

"ஆருக்கிட்ட?"

"அட்டாளைச்சேனையில, சுபைறா ராத்தாக்கிட்ட."

லைலாவின் முகம் சிறுத்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நிலாந்தினி வேலையில் மூழ்கியிருப்பவள் போல ஒரே கல்லைத் திருப்பித் திருப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன துணிச்சல்! நான் தந்த சாமான ஆரக் கேட்டுக் குடுத்த?"

"நீங்க தந்ததா? அந்தப் பட்டு ஆரு எடுத்ததெண்டு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"உன்ட மெசினுக்கு இந்த ஊரில இனி ஒரு துணி வராமச் செய்வன்!"

"செய்ங்க. ஏன் துணி வாறல்ல எண்டு ஊர் என்னட்டக் கேக்கும். நான் கதையச் சொல்லுவன். உங்கட மகன்ட காதுக்கும் போகும்."

லைலா தாம்பாளத்தை மேசையில் வைத்தாள். வேறொரு குரல் வந்தது, இளகிய குரல். "என்ன புள்ள இது? கலியாணம் கிட்ட வந்துட்டு. நான் வெறும் தட்டோடயா போற? உனக்கும் உம்மா ஒருத்தி இரிந்திருப்பாதானே?"

"இரிந்தா. நீங்க கண்டிரிக்கீங்க." முஸ்பிறா அவள் முன்னால் போய் நின்றாள். "பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சுத் தந்தா. நீங்க அதுல இருந்துகொண்டு, 'எங்கட தம்பி கடலுக்குள்ளயா குடிவாற' எண்டு கேட்டுச் சிரிச்சீங்க."

லைலாவின் வாய் திறந்தது. கண்கள் இந்த முறை முஸ்பிறாவின் முகத்திலிருந்து நகரவில்லை. நெற்றி, கன்னம், உதடு என்று தேடின. பிறகு மெல்ல இறங்கி இடது கையில் நின்றன.

"நீ... கல்முனைக்குடி மோதிரம்..."

"ஓம். நான்தான்."

லைலா கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பாளோ என்று நிலாந்தினி தலையை உயர்த்தினாள். லைலா கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் கடிக்கத்தான் பார்த்தாள்.

"என்ட தம்பி இப்ப மூணு புள்ளைகளோட நல்லா இரிக்கான். உன்ட பேரும் அவனுக்கு ஞாபகமில்ல."

முஸ்பிறாவுக்கு எங்கோ ஓர் ஊசி இறங்கியது. ஒரு கணம்தான். "நல்லா இரிக்கட்டும்," என்றாள். "அவரப் பத்தி நான் கேக்கல்ல. அவர் வந்து என்ட விரலத் திருகல்ல. திருகின ஆள் நீங்க. என்ட உம்மா கண்ண மூடி மவுத்தாகும்வரைக்கும் உங்களுக்குக் கேடு வரணுமெண்டு பதுவாக் கேட்டா. நானும் கேட்டன். இன்னும் கேப்பன். எழும்புங்க. கல்முனையில கடை திறந்துதான் இரிக்கி. உங்கட காசுல, உங்கட கண்ணால பாத்து, உங்கட மருமகளுக்கு ஒரு கூறை எடுங்க. பூப்போட வேற ஆளத் தேடுங்க. நல்ல நூல் எதெண்டு கேட்டா, அத வேணுமெண்டாச் சொல்லித் தாறன்."

லைலா எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் காலால் தேடினாள். இடதும் வலதும் மாறிப்போய், குனிந்து மாற்றிக்கொண்டாள். யாரும் உதவவில்லை. வாசலில் ஒருமுறை திரும்பினாள். பிறகு படியிறங்கினாள்.

"மாமி, தட்டு!" என்று நிலாந்தினி ஓடிப்போய் வெறும் தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

முச்சக்கர வண்டி உறுமிக்கொண்டு ஒழுங்கையால் போனது. எதிர்வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா, கூறை எடுக்க வந்தவ வெறுங்கையோட போறா?" என்று கேட்டாள்.

"கடைக்குப் போறா. கூறை எடுக்க," என்றாள் முஸ்பிறா.

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.